முலு மழைக்காட்டில் மான் குகைக்கு நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்னியோ தீவில், மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் உள்ளது குனுங் முலு தேசியப் பூங்கா. 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அடர்ந்த மழைக்காட்டுக்குள் பலகைப் பாதையில் நடந்து, சுண்ணாம்புப் பாறைக் குகைகளைப் பார்த்து, மாலையில் லட்சக்கணக்கான வௌவால்கள் வெளியேறும் காட்சிக்காகக் காத்திருப்பதுதான் இங்கே வருபவர்களில் பெரும்பாலோர் செய்வது. அந்த நடைக்குத் தயாராகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

குறைந்தது இரண்டு இரவு. மூன்று இரவு இருந்தால் இன்னும் நல்லது. காரணம் ஒன்றே: மழை. மாலையில் மழை பிடித்துக்கொண்டால் வௌவால்கள் குகையை விட்டு வருவதில்லை. ஒரே ஒரு மாலையை நம்பி வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவது அடிக்கடி நடக்கிறது. இரண்டு மாலைகள் கையில் இருந்தால், முதல் நாள் தவறினாலும் மறுநாள் மீண்டும் போய்ப் பார்க்கலாம். குகைகளை ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்த்துவிட முடியும், ஆனால் வௌவால்களை அவசரப்படுத்த முடியாது.

எப்படிப் போய்ச் சேருவது? என்ன ஆவணம் தேவை?

முலுவுக்குச் சுற்றுலாப் பயணிகள் வருவது சிறிய விமானத்தில்தான். சரவாக்கின் கடற்கரை நகரமான மிரியிலிருந்து சுமார் அரை மணி நேரம். கூச்சிங், கோத்தா கினபாலு நகரங்களிலிருந்தும் விமானம் உண்டு. மிரியிலிருந்து ஆற்று வழியாகவும் வரலாம், ஆனால் அதற்கே ஒரு முழு நாளைத் தனியாக ஒதுக்க வேண்டியிருக்கும்.

சரவாக்குக்குத் தனிக் குடிநுழைவுச் சோதனை இருக்கிறது. கோலாலம்பூரில் முத்திரை வாங்கிவிட்டோம் என்று பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் புதைத்துவிடாதீர்கள். மிரியிலோ கூச்சிங்கிலோ மறுபடியும் காட்ட வேண்டும். தீபகற்ப மலேசியாவிலிருந்து வருகிறவர்களும் மைகார்டை (மலேசிய அடையாள அட்டை) கையோடு வைத்திருக்க வேண்டும்.

ரிங்கிட் நோட்டுகளை மிரியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். முலுவில் இயந்திரத்தில் பணம் எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டமிடாதீர்கள். பூங்கா நுழைவுச்சீட்டு பல நாளுக்குச் செல்லும். குகைகளுக்கான வழிகாட்டிக் கட்டணம் அதில் அடங்காது, ஒவ்வொரு நடைக்கும் தனித்தனி. வழிகாட்டி இல்லாமல் குகைக்குள் போக அனுமதி இல்லை. ஒரு குழுவில் இத்தனை பேர் என்று வரம்பு இருப்பதால், விமானச் சீட்டை உறுதி செய்த கையோடு குகை நடைகளையும் பூங்காவிடம் பதிவு செய்துவிடுங்கள். விமானத்தில் இடம் கிடைத்து, குகைக்கு இடம் கிடைக்காமல் போவதுதான் விடுமுறைக் காலத்தில் நடக்கும் பெரிய ஏமாற்றம்.

எந்த மாதம் நல்லது?

மழையே இல்லாத மாதம் என்று ஒன்று இங்கே கிடையாது. ஆண்டு முழுவதும் பெய்யும், பெரும்பாலும் பிற்பகலிலும் இரவிலும். மாதத்தைத் தேடுவதை விட நாள்களைக் கூட்டுவது பயன் தரும்.

நடை எவ்வளவு கடினம்?

பூங்கா அலுவலகத்திலிருந்து மான் குகை வாசல் வரை சுமார் 3 கிலோமீட்டர். கிட்டத்தட்ட முழுவதும் சமதளம், தரையிலிருந்து சற்றே உயர்த்திய பலகைப் பாதை. நின்று பார்க்காமல் நடந்தால் 45 நிமிடம், நின்று நின்று பார்த்தால் ஒன்றேகால் மணி நேரம். மூச்சு வாங்கும் ஏற்றம் இல்லை. சிரமம் தருவது வெக்கையும் ஈரக் காற்றும். வியர்வை உலராது, அதனால் உடம்பு குளிராது. நடக்கத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும்.

அடிபடுவதற்கு முக்கியக் காரணம் வழுக்கல். நிழலிலேயே கிடக்கும் பலகையில் மெல்லிய பாசி படரும். உலர்ந்திருக்கும்போது அது கண்ணுக்கே தெரியாது. மழை பெய்து ஐந்து நிமிடத்தில் சோப்பு தேய்த்ததுபோல் ஆகிவிடும். கம்பி வலை அடித்த இடங்களில் காலை வையுங்கள். வலை இல்லாத இடத்தில் சிறிய அடிகளாக, பாதம் முழுவதும் பதிய நடங்கள். குதிகாலை முதலில் ஊன்றுகிறவர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள்.

சறுக்கும்போது கை தானாகக் கைப்பிடிக்குப் போகும். அந்தக் கைப்பிடி மீது எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருக்கலாம். சுணை உள்ள கம்பளிப்புழு ஒன்று மரத்தின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதனால் ஆரம்பத்திலிருந்தே பார்த்துப் பிடிக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். இதில் இன்னொரு லாபம், குச்சிப்பூச்சி, பல்லி, வண்டு என்று இந்தக் காட்டின் சிறிய உயிர்களில் பாதி அந்தக் கைப்பிடியிலேயே கண்ணில் பட்டுவிடும்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

பிற்பகல் 2 மணி வாக்கில் கிளம்பி இரவு 7:30 வரை வெளியே இருப்பீர்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். தலையில் மாட்டும் விளக்கு ஒன்று, அதற்கு மாற்று பேட்டரி ஒரு ஜோடி. கைபேசி வெளிச்சத்தை நம்பாதீர்கள், படம் எடுத்தே அதன் பேட்டரி தீர்ந்திருக்கும். மெல்லிய மழை அங்கி, பொருள்கள் நனையாமல் வைக்க உருட்டி மூடும் பை, ஒரு தொப்பி. தொப்பி வெயிலுக்கு அல்ல, குகைக்குள் மேலிருந்து விழுவதற்கு.

காலணி: அடியில் ஆழமான பள்ளம் உள்ள, ஈரமானால் சீக்கிரம் உலரும் விளையாட்டுக் காலணி போதும். தோல் பூட்ஸ் ஒருமுறை நனைந்தால் பயணம் முடியும் வரை உலராது. ஜீன்ஸ் பேண்டும் அப்படியே, நனைந்தால் கனக்கும், தொடையில் உரசிப் புண்ணாக்கும்.

அட்டைக்கடி எப்படி இருக்கும்?

பலகைப் பாதையில் அட்டை குறைவு. மண் பாதையில் இறங்கினால், அதுவும் மழைக்குப் பின், நிச்சயம் இருக்கும். இங்கே இரண்டு வகை. தரையில் ஊரும் பழுப்பு அட்டை கடித்தால் தெரியாது, ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். இலை நுனியில் காத்திருக்கும் புலி அட்டைக்கு உடம்பில் வரி இருக்கும். அது இடுப்பு உயரத்தில் ஏறிக்கொள்ளும், கடித்தால் சுருக்கென்று வலிக்கும்.

உப்பு போடுவது, நெருப்பு வைப்பது வேண்டாம். அட்டை குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிட்டுப் போகக்கூடும். ஒல்லியான முனைதான் வாய். அந்த முனைக்கு அடியில் விரல் நகத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி முதலில் விடுவியுங்கள், பிறகு பருத்த முனையையும் அதேபோல் எடுத்துச் சுண்டிவிடுங்கள். அதன் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால் காயம் நெடுநேரம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சு வைத்து அழுத்தி ஒட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அட்டைக் காலுறை போட்டுக்கொள்வது அவசியம்.

இந்தக் குகைகள் எப்படி உண்டாயின?

முலு மலை 2,376 மீட்டர் உயரம், ஆனால் அது மணற்கல்லும் களிப்பாறையும். குகைகள் இருப்பது அதன் பக்கத்தில் நிற்கும் சுண்ணாம்புப் பாறை மலைகளில். ஒரு காலத்தில் ஆழமற்ற கடலில் பவளமும் சிப்பியும் படிந்து உண்டான பாறை அது.

மழைநீர் காட்டு மண்ணுக்குள் இறங்கும்போது, அழுகும் இலைகளும் வேர்களும் விடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த நீர் பாறை வெடிப்புகளில் புகுந்து சுண்ணாம்பைக் கரைத்து வழி அமைக்கிறது. வழி அகன்றதும் ஆறே உள்ளே புகுந்து அறுக்கத் தொடங்குகிறது. மலை மெல்ல மெல்ல உயர, ஆறு புதிய கீழ்மட்டத்தைத் தேடிப் போக, பழைய வழி வறண்டு மேலே நின்றுவிடுகிறது. முலுவில் குகைகள் மாடி மாடியாக அடுக்கப்பட்டிருப்பது இதனால்தான். இவ்வளவு பெரிய குகைகள் உருவாக இவ்வளவு மழையும் இவ்வளவு அடர்ந்த காடும் தேவைப்பட்டன. மேலே உள்ள காட்டை எடுத்துவிட்டால் கீழே சொட்டும் நீரின் தன்மையே மாறிவிடும்.

லாங் குகையில் எதையும் தொடக்கூடாது என்று ஏன் அத்தனை கண்டிப்பு?

பிற்பகல் நடையில் முதலில் வருவது பெரும்பாலும் லாங் குகை. அளவில் சிறியது, ஆனால் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளும் தரையிலிருந்து எழும் கல்முளைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அதனால்தான் கண்டிப்பும்.

ஒரு கல்விழுதின் நுனியைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். ஒரு சொட்டு நீர் தொங்கிக்கொண்டிருக்கும். அது விழுவதற்கு முன் அதிலிருந்து கரியமில வாயு கொஞ்சம் காற்றில் கலக்கிறது, கரைந்திருந்த சுண்ணாம்பில் துளியளவு நுனியைச் சுற்றி வளையமாக ஒட்டிக்கொள்கிறது. வளர்ச்சி இப்படித்தான், நூறு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே அதிகம். விரலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு அங்கே பட்டால் நீர் பரவாமல் விலகி ஓடும், சுண்ணாம்பு ஒட்டாது, அந்த இடம் கறுத்துப்போகும். துடைத்துச் சரிசெய்ய வழி இல்லை.

மான் குகைக்குள் என்ன எதிர்பார்க்கலாம்?

மலாயில் குவா ருசா. மான்கள் ஒதுங்கவும் உப்பு நக்கவும் வந்த இடம் என்பதால் இந்தப் பெயர். 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், சில இடங்களில் அகலம் 150 மீட்டரையும் தாண்டும், உயரமும் சில இடங்களில் 120 மீட்டருக்கு மேல். வியட்நாமின் சன் டூங் குகை 2009இல் அளக்கப்படும் வரை உலகின் மிகப் பெரிய குகைப் பாதை என்ற பெயர் இதற்குத்தான் இருந்தது. உள்ளே நுழைந்ததும் அளவு பிடிபடாது. எதிர்ப்பக்கம் நடந்து போகும் ஆட்களைப் பாருங்கள், எறும்பாகத் தெரிவார்கள். அப்போதுதான் புரியும்.

முதலில் தாக்குவது நெடி. கூரையில் தொங்கும் வௌவால்களின் எச்சம் மேடுமேடாகக் குவிந்து, அதிலிருந்து அமோனியா எழும். அந்த மேட்டில் விளக்கை அடித்தால் தரையே அசைவது போலிருக்கும், அத்தனை கரப்பானும் வண்டும். எச்சத்தைத் தின்னும் பூச்சி, பூச்சியைத் தின்னும் நீளக்கால் பூரானும் சிலந்தியும், வௌவாலையும் உழவாரன் குருவியையும் பிடிக்கும் குகைப் பாம்பு என்று வெயிலே படாத ஓர் உலகம் வௌவால்கள் வெளியிலிருந்து கொண்டுவரும் உணவை நம்பி நிற்கிறது.

கைப்பிடியில் எச்சம் படிந்திருக்கும், முடிந்தவரை தொடாதீர்கள். மேலே பார்க்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இருட்டில் டிக் டிக் என்று சொடுக்குவதுபோல் கேட்கும் ஓசை உழவாரன்களுடையது. அவை அந்த எதிரொலியை வைத்துத்தான் இருட்டில் பறக்கின்றன. வௌவால்கள் எழுப்பும் ஓசையில் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டாதது.

உள்ளே கொஞ்ச தூரம் போய் வாசல் பக்கம் திரும்பிப் பாருங்கள். பாறை விளிம்பு ஆப்ரகாம் லிங்கனின் பக்கவாட்டு முகம்போல் தெரியும்.

வௌவால்கள் எத்தனை மணிக்கு வரும்?

தெளிவான நாளில் 5 மணிக்கும் 6:30க்கும் இடையே. சில நாள் அதற்கு முன்பே தொடங்கிவிடும், ஆகவே 5 மணிக்கே குகைக்கு வெளியே உள்ள திறந்த வெளியில் உட்கார்ந்துவிடுங்கள். மான் குகையில் 12 வகை வௌவால்கள் பதிவாகியிருக்கின்றன. கூட்டமாக வெளியேறுவது பெரும்பாலும் சுருங்கிய உதடு கொண்ட ஒரு சிறிய வகை. அதன் எண்ணிக்கை 20 முதல் 30 லட்சம் என்று மதிப்பிடப்படுகிறது.

முதலில் பாறை முகப்பில் புகைபோல் ஒரு கறுப்பு. அது வாசலருகே சுற்றிச் சுற்றி வந்து, பிறகு ரிப்பன்போல் நீண்டு காட்டுக்கு மேலே வளைந்து வளைந்து போகும். தலைக்கு மேல் வரும்போது பட்டுத்துணி உரசுவதுபோல் ஓசை கேட்கும். ஒரு கூட்டம் போனதும் எழுந்துவிடாதீர்கள். அலை அலையாக வரும், இடையில் பல நிமிடம் வெறுமையாகவும் இருக்கும்.

மழையில் ஏன் வருவதில்லை? பறக்கும் பூச்சிகள் மழையில் குறைந்துவிடும். நனைந்த உடம்பு சூட்டை இழக்கும். மழைத்துளிகளுக்கு நடுவே எதிரொலியைப் பிரித்தறிவதும் கடினம். தூறல் நின்று வானம் வெளுத்தால் தாமதமாக வருவதுண்டு. அதனால் இருட்டும் வரை காத்திருப்பது வீண்போகாது.

ஏன் வளையமாகச் சுற்றுகின்றன?

வெளியே வேட்டையாடிகள் காத்திருக்கின்றன. வௌவால் பருந்து அவற்றில் முக்கியமானது. பைரி வல்லூறும் வரும். கூட்டம் இறுக்கமாகச் சுழலும்போது ஒன்றைக் குறிவைப்பது கடினம். ஓரத்தில் பிரிந்துவிட்ட வௌவாலைத்தான் பருந்து பிடிக்கும், பிடித்ததைப் பறந்தபடியே விழுங்கிவிடும். ரிப்பனைப் பார்த்துக்கொண்டே இருக்காமல் அதன் வால்பகுதியைக் கவனியுங்கள். தனியாக ஒரு பெரிய நிழல் வெட்டிப் பாய்வது அங்கேதான் தெரியும்.

இருட்டில் 3 கிலோமீட்டர் திரும்பி நடப்பது ஆபத்தா?

பாதை தெளிவானது, கிளை வழிகளில் பலகை உண்டு. விளக்கு இருந்து, குழுவோடு சேர்ந்து நடந்தால் பயப்பட ஒன்றுமில்லை. எங்களைக் கேட்டால் அன்றைய நாளின் சிறந்த பகுதியே இதுதான். எல்லோரும் உணவகத்தை நினைத்து வேகமாக நடந்துவிடுகிறார்கள், அதனால் பார்க்கத் தவறுகிறார்கள். கூட்டத்தைப் போகவிட்டு, இரண்டு மூன்று பேராக மெதுவாக வாருங்கள்.

விளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து இலைகளின் அடிப்பக்கத்தைத் துழாவினால் தவளை, குச்சிப்பூச்சி, தூங்கும் பல்லி எல்லாம் தெரியும். சிலந்திகளின் கண்கள் பனித்துளிபோல் திருப்பி மின்னும். யாரும் இல்லாத இடத்தில் ஒரு நிமிடம் எல்லா விளக்கையும் அணையுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும், மட்கிய மரத்தில் வெளிர்ப்பச்சையாக ஒளிரும் காளான்கள் சில இரவுகளில் தென்படும்.

பலகையில் பாம்பு கிடந்தால் நில்லுங்கள், அது போகட்டும். தாண்டுவதும் குச்சியால் தள்ளுவதும்தான் கடியில் முடியும்.

ஒராங் ஊத்தான் பார்க்கலாமா? வேறு என்ன தெரியும்?

ஒராங் ஊத்தானுக்காக முலு வராதீர்கள். அதற்குக் கூச்சிங் அருகே உள்ள செமெங்கோ வனவிலங்கு மையத்துக்குப் போங்கள். போர்னியோவில் புலியும் கிடையாது. இங்கே விலங்குகள் இல்லை என்று சொல்கிறவர்கள் பெரிய விலங்குகளைத் தேடியவர்கள். போர்னியோவின் 8 வகை இருவாச்சிகளும் முலுவில் பதிவாகியிருக்கின்றன. அதிகாலையில் ஆற்றோரம் நில்லுங்கள், இறக்கை அடிக்கும் ஓசை ரயில் எஞ்சின் மூச்சுவிடுவதுபோல் முதலில் வரும், பறவை பிறகு தெரியும். மரத்துக்கு மரம் தாவி மிதக்கும் பறக்கும் ஓணான், கட்டைவிரல் நீளத்தைவிடச் சற்றே பெரிய குள்ள அணில், நீண்ட மூக்குள்ள விளக்குப் பூச்சி ஆகியவை பலகைப் பாதையிலேயே காணக் கிடைக்கும்.

ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சியைப் பகல் 10 மணிக்கு மேல், வெயில் விழும் ஈரமண்ணில் தேடுங்கள். கறுப்பு இறக்கையில் பச்சை அம்புகள் வரிசையாக இருக்கும். உப்புக்காக ஆண்கள்தான் மண்ணில் கூடும். 1855இல் இதற்குப் பெயரிட்டவர் இயற்கையியலாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ்.

காற்றுக் குகை, தெளிநீர்க் குகை நடையும் சேர்த்துச் செய்யலாமா?

செய்யலாம். அது காலை நடை. மெலினாவ் ஆற்றில் நீளப் படகில் போவார்கள். தண்ணீர் வற்றியிருந்தால் இறங்கித் தள்ளவும் வேண்டிவரும், காலணி நனையும். தெளிநீர்க் குகைக்குச் சுமார் 200 படி ஏற வேண்டும். அளக்கப்பட்ட நீளம் 200 கிலோமீட்டரைத் தாண்டிய குகைத் தொகுதி இது. பயணிகள் பார்ப்பது அதில் ஒரு துணுக்கு. வாசலில் வாழ்நாள் முழுவதும் ஒரே ஓர் இலையோடு நிற்கும் செடிகளையும், வெளிச்சத்தை நோக்கிச் சாய்ந்து நிற்கும் கல் ஊசிகளையும் விட்டுவிடாதீர்கள். கல்லைச் சாய்த்திருப்பவை ஒளியைத் தேடும் நுண்ணுயிர்கள். நடை முடிந்ததும் கீழே குளிக்கலாம். உடம்பில் கொசு மருந்து பூசியிருந்தால் கழுவிவிட்டு இறங்குங்கள், அந்த நீரில் மீன்கள் இருக்கின்றன.

குழந்தைகள், முதியவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள்?

6 கிலோமீட்டர் போய்வர நடக்கும் குழந்தைக்கு மான் குகை சரியாக வரும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பலகைப் பாதை பிரச்சினை இல்லை, குகைக்குள் உள்ள ஈரப் படிகள்தான் பிரச்சினை, ஊன்றுகோல் உதவும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். எச்சத்தூசியில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சை இருக்கக்கூடும் என்பதால், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

தரையில் விழுந்து கிடக்கும் வௌவாலை யாரும், முக்கியமாகக் குழந்தைகள், கையில் எடுக்கவே கூடாது. கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

சரவாக் அறையைப் பார்க்க முடியுமா?

முலுவின் குகைகளில் ஒன்றுக்குள் 1981இல் கண்டறியப்பட்ட அந்தப் பெரிய அறை சுமார் 600 மீட்டர் நீளமும் 400 மீட்டருக்கு மேல் அகலமும் கொண்டது. அது சுற்றுலா நடை அல்ல. நாள் முழுக்க நீளும், ஓடும் நீரில் நடந்து கயிறு பிடித்து ஏற வேண்டிய குகைப்பயணம். முதலில் நடுத்தரக் கடினம் கொண்ட குகை ஒன்றில் வழிகாட்டியோடு போய் உங்கள் திறனைக் காட்ட வேண்டியிருக்கும்.

திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால்?

30 நாளுக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் மருத்துவரிடம் "மழைக்காட்டில் நடந்தேன், குகைக்குள் போனேன், ஆற்றில் குளித்தேன்" என்று தேதியோடு சொல்லுங்கள். எலிக்காய்ச்சலும் மலேரியாவும் டெங்குவும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே இருக்கும். நீங்கள் சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் மருந்தோடு அனுப்பிவிடுவார்கள்.